வரம்பிட்ட உயரம்: சான் ஜிமிஞானோவின் கோபுரங்களும் அவற்றைக் காண வருவோரும்

இத்தாலியின் நடுப்பகுதியிலுள்ள டஸ்கனி மண்டலத்தில், ஃபுளோரன்ஸ் நகருக்கும் சியனா நகருக்கும் இடையே எல்சா ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கியபடி, கடல்மட்டத்திலிருந்து 324 மீட்டர் உயரத்தில் ஒரு குன்றின் முகட்டில் நீண்டு கிடக்கும் சிற்றூர் சான் ஜிமிஞானோ. தொலைவிலிருந்து வருவோருக்கு இவ்வூரின் மதிலோ வீடுகளோ தெரிவதற்கு முன்பே வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும் கற்கோபுரங்கள் தெரியும். அந்தத் தோற்றத்தைக் காண்பதற்கென்றே உலகின் பல நாடுகளிலிருந்தும் பயணிகள் ஆண்டு முழுவதும் வந்துபோகின்றனர். 13ஆம் நூற்றாண்டு எந்தத் தடையுமின்றி அப்படியே தங்கிவிட்ட இடம் என்றே வழிகாட்டி நூல்கள் பலவும் இதனை அறிமுகப்படுத்துகின்றன.

இந்த அறிமுகத்தில் பாதி உண்மையே உண்டு. கோபுரங்களை எழுப்பியது வணிகச் செல்வம். அவற்றைப் பிற்காலத்தின் இடிப்பிலிருந்து காத்தது வறுமை. இவ்விரண்டும் பலராலும் சொல்லப்படுபவை. அவற்றுக்கு ஈடான மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. தனியாரின் ஆசைக்குப் பொதுமன்றம் இடும் வரம்பு என்னும் அந்தக் காரணம், 1255இல் கோபுரங்களின் உயரத்துக்கு எல்லை வகுத்த சட்டம் தொடங்கி, இன்று மதிலுக்குள் வண்டிகள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் விதிவரை தொடர்ந்து செயல்படுகிறது. சான் ஜிமிஞானோவைப் பார்க்கச் செல்லும் பயணி காண்பது கற்களை மட்டுமன்று, ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளாக எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று ஓர் ஊர் எடுத்துவந்த முடிவுகளையும்தான் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

சாலை தந்த செல்வம்

இக்குன்றின்மேல் ரோமானியருக்கு முந்திய எட்ரஸ்கன் மக்களின் காலத்திலேயே குடியிருப்பு இருந்தது. எனினும் ஊரின் வரலாறு தெளிவுபெறுவது 10ஆம் நூற்றாண்டில்தான். இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரப் பேராயர் சிகெரிக், 990ஆம் ஆண்டளவில் ரோமுக்குச் சென்று திருத்தந்தையைக் கண்டு திரும்பியபோது, வழியில் தங்கிய இடங்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டன. ரோமிலிருந்து எண்ணினால் பத்தொன்பதாவதாக வருவது சான் ஜிமிஞானோ. வியா ஃபிராஞ்சிஜெனா என்று அழைக்கப்படும் இப்பெருவழி, ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலுள்ள நாடுகளிலிருந்து ரோமுக்குச் செல்லும் திருப்பயணிகள் நடந்த தடம். ஒற்றைச் சாலை என்பதைவிட ஒன்றையொன்று வெட்டியும் இணைந்தும் செல்லும் பல பாதைகளின் தொகுதி என்றே அதனைக் கொள்ளவேண்டும். பள்ளத்தாக்கின் சதுப்பையும் காய்ச்சலையும் அஞ்சியோர் குன்றுகளின் மேலாகச் செல்லும் கிளையை விரும்பியதால், அக்கிளையில் இருந்த இவ்வூர் வழிப்போக்கர்களால் வளர்ந்தது.

அந்த வழித்தடம் இன்றும் ஊரின் முதுகெலும்பாகவே இருக்கிறது. தெற்கில் 1262இல் கட்டப்பட்ட சான் ஜொவானி வாயிலில் நுழைந்து, அதே பெயருள்ள தெருவழியே மேலேறி, இரண்டு சதுக்கங்களைக் கடந்து, சான் மத்தேயோ தெருவில் இறங்கி வடக்கு வாயிலால் வெளியேறும் பாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவானது. இக்காலச் சுற்றுலாப் பயணி தன்னையறியாமலே நடப்பது இடைக்காலத் திருப்பயணியின் அதே பாதையில்தான். ஆகவே வெளியூராரை நம்பி வாழ்வது இவ்வூருக்குச் சுற்றுலாத் தொழில் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று கருதிவிடக் கூடாது. சத்திரங்களும் மருத்துவமனைகளும் வணிகக் கிடங்குகளும் வழிப்போக்கரைச் சார்ந்தே இங்கு எழுந்தன.

ஆனால் வழிப்போக்கர் மட்டுமே ஓர் ஊரைச் செல்வம் கொழிக்கச் செய்ய முடியாது. சான் ஜிமிஞானோவுக்குத் தன் மண்ணில் விளைந்த இரு பொருள்கள் துணைநின்றன. ஒன்று குங்குமப்பூ. இலையுதிர்காலத்தில் பூக்கும் ஊதா நிறப் பூவின் நடுவிலுள்ள மூன்று சிவந்த சூல்முடி இழைகளைக் கையால் பறித்து உலர்த்தியே இது பெறப்படுகிறது. ஒரு கிலோ உலர்ந்த இழைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கள் தேவைப்படும். துணிக்குச் சாயமாகவும் மருந்தாகவும் உணவுக்கு நிறமும் மணமுமாகவும் பயன்பட்ட இப்பொருள், எடை குறைந்ததும் விலை மிகுந்ததுமாகையால் தொலைதூர வணிகத்துக்கு ஏற்றதாக இருந்தது. சில சமயம் பணத்துக்குப் பதிலாகவே கைமாறவும் செய்தது. மற்றொன்று வெர்னாச்சா என்னும் வெள்ளைத் திராட்சை மது. 1276ஆம் ஆண்டின் சுங்க ஆவணங்களிலேயே பெயர் காணப்படும் இந்த மது, சிவப்பு மதுவுக்குப் பெயர்போன டஸ்கனியில் தனித்து நிற்பதாகும். இவ்விரு பொருள்களாலும் வட்டித் தொழிலாலும் செல்வம் சேர்த்த குடும்பங்களே பின்னர் கோபுரங்களை எழுப்பின.

அரசியலும் இதே காலத்தில் மாறியது. வொல்தெர்ரா நகர ஆயரின் ஆதிக்கத்திலிருந்து விடுபட்டு, 1199இல் இவ்வூர் தன் முதல் பொதெஸ்தாவை நியமித்தது. பொதெஸ்தா என்பவர், குறுகிய காலத்துக்கு மட்டும், வேறு ஊரிலிருந்து வரவழைக்கப்படும் தலைமை ஆட்சியாளரும் நீதிபதியும் ஆவார். உள்ளூர்க் குடும்பங்களின் பகைகளில் எப்பக்கமும் சாராதவராக இருக்கவேண்டும் என்பதே வெளியூராரை அமர்த்தியதன் நோக்கம். இத்தகைய தன்னாட்சி நகரமன்றத்தை இத்தாலியர் கொமூனே என்பர். தனியார் வலிமையைக் கண்டு அஞ்சியே தொடங்கப்பட்ட ஆட்சிமுறை இது என்பதை நினைவிற்கொண்டால்தான் கோபுரங்களின் கதை விளங்கும்.

கோபுரங்களும் அவற்றின் எல்லையும்

ஊர் தன் உச்சத்தில் இருந்தபோது 72 கோபுரங்கள் இருந்தன என்பது மரபுவழிச் செய்தி. இன்று நிற்பவை பதினான்கு என்று பொதுவாகக் கணக்கிடுவர். பயணிகளுள் பலர் இவற்றைக் கோட்டையின் காவற்கோபுரங்கள் எனக் கருதிவிடுகின்றனர். ஆனால் பெரும்பாலானவை தனிப்பட்ட குடும்பங்களின், அல்லது ஒப்பந்தத்தால் ஒன்றிணைந்த குடும்பக் கூட்டங்களின் உடைமைகள். தெருச்சண்டை மூண்டால் ஏறி ஒளிந்துகொள்ளவும் மேலிருந்து தாக்கவும் அவை உதவியது உண்மையே. எனினும் ஒருவரது வீட்டின் செல்வத்தையும் செல்வாக்கையும் ஊர் முழுவதும் காணச் செய்வதே அவற்றின் முதன்மையான பணியாக இருந்தது. கல்லைக் குன்றின்மேல் ஏற்றிக் கட்டும் செலவைத் தாங்கக்கூடியவர் மிகச் சிலரே என்பதால், உயரமே அந்தஸ்தின் அளவுகோலாயிற்று.

கோபுரத்தின் உள்ளமைப்பு இக்கருத்தை உறுதிப்படுத்துகிறது. தடித்த சுவர்களின் வெளிமுகத்தில் செதுக்கிய கற்களும் உள்ளே சுண்ணச்சாந்தில் புதைத்த உடைகற்களும் வைத்துக் கட்டப்பட்ட இவற்றின் உட்புறம் மிகக் குறுகியது. வாழ்வதற்கு உரிய இடம் ஒட்டியிருக்கும் வீட்டில்தான் இருந்தது. சுவர்களில் ஒழுங்கான வரிசைகளாகத் தென்படும் சதுரத் துளைகள் பயணிகளுக்கு வியப்பூட்டுபவை. கட்டும்போது சாரம் அமைக்கவும், பின்னர் மர உத்திரங்களைச் செருகி வெளியே மாடங்களும் அண்டைக் கட்டடத்துக்குச் செல்லும் நடைபாலங்களும் அமைக்கவும் அவை பயன்பட்டன. இன்று மொட்டையாகவும் கடுமையாகவும் தோன்றும் கற்சுவர்கள், அக்காலத்தில் மரக்கட்டுமானங்கள் நிறைந்து, தெருவின்மேல் மற்றொரு தெரு தொங்குவதுபோல் இருந்திருக்கவேண்டும். மரம் அழிந்து கல் எஞ்சியதால், இப்போது காணக் கிடைப்பது பழைய ஊரின் எலும்புக்கூடு மட்டுமே.

இத்தகைய கோபுரங்கள் சான் ஜிமிஞானோவுக்கே உரியவை என்பது மற்றொரு தவறான எண்ணம். போலோனியா நகரில் ஏறத்தாழ 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லி கோபுரம் இன்றும் நிற்கிறது. ஃபுளோரன்ஸிலும் ஒரு காலத்தில் தனியார் கோபுரங்கள் அடர்ந்திருந்தன. 1250இல் அந்நகரின் ஆட்சியைக் கைப்பற்றிய வணிகர்களும் கைவினைஞர்களும், தனியார் கோபுரங்கள் 50 பிராச்சா, அதாவது ஏறத்தாழ 29 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று விதித்து, மிகுந்தவற்றை வெட்டிக் குறைத்தனர். சான் ஜிமிஞானோவின் மன்றமும் 1255இல் இதையொத்த சட்டம் ஒன்றை இயற்றியது. ஆனால் இங்கு எல்லை ஓர் எண்ணாகக் குறிக்கப்படவில்லை. பொதெஸ்தாவின் பழைய மாளிகைமேல் நிற்கும் ரொன்யோசா கோபுரமே அளவுகோலாக வைக்கப்பட்டது. ஏறத்தாழ 51 மீட்டர் உயரமுள்ள அதனைவிட உயர்ந்து எந்தத் தனியார் கோபுரமும் நிற்கக் கூடாது என்ற அந்த விதி, ஊராட்சியின் தலைமைக்கு மேலாக எந்தக் குடும்பமும் எழக் கூடாது என்ற அரசியல் கொள்கையைக் கல்லிலேயே எழுதிக் காட்டியது.

சட்டத்தை மீறாமலே மீறும் வழியையும் செல்வர்கள் அறிந்திருந்தனர் என்கிறது ஊர் மரபு. அக்கால இத்தாலியைப் பிளந்த இரு அணிகளுள், திருத்தந்தையை ஆதரித்த கெல்ஃப் அணியில் அர்திங்கெல்லி குடும்பமும், புனித ரோமப் பேரரசரை ஆதரித்த கிபெல்லின் அணியில் சல்வுச்சி குடும்பமும் நின்றன. சல்வுச்சியர் அருகருகே எழுப்பிய இரட்டைக் கோபுரங்கள் தனித்தனியே எல்லைக்குள் அடங்கினாலும், இரண்டும் சேர்ந்து ஊராட்சியின் கோபுரத்தை எள்ளி நின்றனவாம். இக்கதை எந்த அளவு உண்மையாயினும், மன்றம் விடையளித்த முறை வரலாற்றில் தெளிவாகவே உள்ளது. 1300ஆம் ஆண்டளவில் தொடங்கி 1311இல் நிறைவுற்ற தோரே குரோசா என்னும் பெருங்கோபுரம், 54 மீட்டர் உயரத்தில் புதிய ஊராட்சி மாளிகையின் பக்கத்தில் எழுந்து, மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது. இன்று பயணிகள் ஏறிப்பார்க்கும் கோபுரம் இதுவே. மேலேயிருந்து நோக்கும்போது தனியார் கோபுரங்கள் அனைத்தும் கண்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்து தெரிவது தற்செயலன்று.

பொது வெளியும் பொது ஓவியமும்

கோபுரங்கள் தனியாரின் பெருமையைப் பேசினால், அவற்றின் காலடியிலுள்ள சதுக்கங்கள் ஊரின் பொதுவாழ்வைப் பேசுகின்றன. முக்கோண வடிவில், செங்கற்களைச் சாய்வரிசையில் பாவிய சிஸ்தெர்னா சதுக்கத்தின் நடுவே எண்கோண மேடைமீது அமைந்த கிணறு 1273இல் கட்டப்பட்டு, 1346இல் விரிவாக்கப்பட்டது. குன்றின் முகட்டில் ஊற்றுநீர் அரிது என்பதால் மழைநீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டியின் வாயாக இது அமைந்தது. நூற்றாண்டுகளாக வாளிக் கயிறுகள் உராய்ந்த பள்ளங்கள் அதன் கல்விளிம்பில் இன்றும் காணப்படுகின்றன. நீருக்காக ஊரார் இந்தப் பொது இடத்தில் கூடிய நிலை, சண்டையிட்ட குடும்பங்களையும் ஓர் ஊராகப் பிணைத்த காரணங்களுள் ஒன்று.

அடுத்துள்ள சதுக்கத்தில் தேவாலயமும் ஊராட்சி மாளிகையும் உள்ளன. 1148இல் திருத்தந்தை மூன்றாம் யூஜின் அர்ப்பணித்த இத்தேவாலயத்தை மக்கள் பேராலயம் என்றே அழைத்தாலும், ஆயர் இல்லாத ஊராகையால் இது முறைப்படி குருக்கள் குழு ஒன்றின் பொறுப்பிலுள்ள கொலெஜியாத்தா வகைத் தேவாலயமே. எளிய முகப்பைக் கடந்து உள்ளே நுழைவோரை இருபுறச் சுவர்களையும் நிறைக்கும் ஃபிரெஸ்கோ ஓவியங்கள் எதிர்கொள்கின்றன. ஃபிரெஸ்கோ என்பது ஈரம் காயாத சுண்ணச்சாந்தின்மேல் நிறமிகளைப் பூசி, சாந்து உலரும்போது நிறமும் சுவரின் பகுதியாகவே இறுகிவிடச் செய்யும் முறை. இடப்புறச் சுவரில் பார்தொலோ தி ஃபிரேதி 1367இல் முடித்த பழைய ஏற்பாட்டுக் காட்சிகளும், வலப்புறத்தில் லிப்போ மெம்மியும் அவர் பட்டறையினரும் அதற்கு முன்பே வரைந்த புதிய ஏற்பாட்டுக் காட்சிகளும் உள்ளன. பின்னவை நெடுங்காலம் பர்னா என்னும் சியனா ஓவியர் ஒருவருடையவை என்று நம்பப்பட்டன. அப்படியொருவர் வாழ்ந்ததே ஐயத்துக்குரியது என்று இக்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஊராட்சி மாளிகையின் ஓவியங்கள் ஆட்சியின் கருவிகளாகவே வரையப்பட்டவை. மன்றம் கூடிய பேரவையில் 1317இல் லிப்போ மெம்மி வரைந்த மயெஸ்தா ஓவியத்தில், அரியணையில் அமர்ந்த அன்னை மரியாளின்முன் அப்போதைய பொதெஸ்தாவாகிய சியனாவின் நெல்லோ தெ தொலொமெயி மண்டியிட்டிருக்கிறார். இருவருடங்களுக்கு முன் சியனா நகர மாளிகையில் சிமோனே மார்த்தினி வரைந்த ஓவியத்தைப் பின்பற்றியது இது. இந்த அவைக்கு இன்று தாந்தே மண்டபம் என்று பெயர். 1300ஆம் ஆண்டு மே மாதத்தில் கவிஞர் தாந்தே அலிகியேரி ஃபுளோரன்ஸின் தூதராக வந்து, டஸ்கனியின் கெல்ஃப் கூட்டணிக்கு ஆதரவு வேண்டி இங்கு உரையாற்றினார் என்பதே காரணம். பெயர் காரணமாக ஓவியத்தையும் தாந்தேயையும் இணைத்துப் பார்க்கும் பயணிகள் உண்டு. ஆனால் அவர் வந்துபோய்ப் பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே இச்சுவர் இந்த உருவத்தைப் பெற்றது. மேல்தளத்தில் பொதெஸ்தாவின் அறையில் லிப்போவின் தந்தை மெம்மோ தி ஃபிலிப்புச்சோ வரைந்த காட்சிகள் வேறுவகையானவை. ஓர் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் நீராடுவதும் பின் படுக்கையேறுவதும் இடம்பெறும் இவை, சமயம் சாரா ஓவியங்கள் அரிதாகவே எஞ்சியுள்ள அக்காலத்துக்கு மிக மதிப்புவாய்ந்த சான்றுகள்.

ஊரின் புனிதையாகப் போற்றப்படும் ஃபீனா, நோயால் படுக்கையிலேயே கிடந்து 1253ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பதின்பருவத்திலேயே இறந்த பெண். அவரது பெயரால் எழுந்த மருத்துவமனை திருப்பயணிகளுக்கும் ஏழைகளுக்கும் அடைக்கலமாக விளங்கியது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேவாலயத்தினுள் கட்டப்பட்ட அவரது வழிபாட்டுக்கூடத்தில் தொமேனிக்கோ கிர்லாந்தாயோ வரைந்த இறுதிச்சடங்குக் காட்சியின் பின்னணியில் ஊரின் கோபுரங்கள் தெரிகின்றன. தன் கோபுரங்களைத் தன் அடையாளமாக இவ்வூர் கருதத் தொடங்கியது சுற்றுலாப் பயணி வருவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

வீழ்ச்சி காத்த ஊர்

1348இல் ஐரோப்பாவைச் சூறையாடிய கறுப்புச் சாவு எனப்படும் கொள்ளைநோய் சான் ஜிமிஞானோவின் மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. ஏற்கெனவே குடும்பப் பகையாலும் கடனாலும் தளர்ந்திருந்த ஊராட்சி, 1353இல் ஃபுளோரன்ஸின் ஆட்சிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தது. புதிய ஆட்சியாளர் மதிலின் உயர்ந்த மூலையில் மொந்தெஸ்தாஃபொலி கோட்டையைக் கட்டினர். 1555இல் ஃபுளோரன்ஸின் கோசிமோ தெ மெதிச்சி ஆணையால் தகர்க்கப்பட்ட அக்கோட்டையின் எச்சங்களுக்குள் இன்று பொதுப்பூங்கா ஒன்று உள்ளது. இதனிடையே எல்சா பள்ளத்தாக்கின் சதுப்புகள் வடிந்து சாலைகள் சீரானதால், போக்குவரத்து குன்றைவிட்டு இறங்கிச் சமவெளிக்குச் சென்றது. சாலையால் வளர்ந்த ஊர் சாலை விலகியதும் தேங்கிப்போயிற்று.

கலை உடனே நின்றுவிடவில்லை. 1464இல் மீண்டும் கொள்ளைநோய் தாக்கியபோது, இவ்வூரில் பணியாற்றிய ஃபுளோரன்ஸ் ஓவியர் பெனொட்சோ கொட்சோலி, புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் புனித செபஸ்தியார் தம் மேலாடையை விரித்து ஊராரை அம்புகளிலிருந்து காப்பதாக ஓர் ஓவியம் வரைந்தார். கொள்ளைநோயை வானிலிருந்து பாயும் அம்பாக எண்ணுவது அக்கால மரபு. அதே ஆலயத்தின் பீடப்பகுதியில் அகுஸ்தீனாரின் வாழ்க்கையைப் பதினேழு காட்சிகளாக 1465இல் அவர் முடித்தார். ஆயினும் புதிய மாளிகைகளுக்கு வேண்டிய பெருஞ்செல்வம் ஊரில் இல்லை. ஃபுளோரன்ஸில் மறுமலர்ச்சிக் காலச் செல்வர்கள் பழைய கோபுரங்களை இடித்தும் வீடுகளுக்குள் அடக்கியும் அகன்ற மாளிகைகளை எழுப்பிய அதே நூற்றாண்டுகளில், இங்கு கோபுரங்கள் விழும்வரை நின்றன. விழுந்தவை திரும்பக் கட்டப்படவில்லை. இன்று பேணிக்காத்த பாரம்பரியம் எனக் கொண்டாடப்படுவதன் பெரும்பகுதி, இடிப்பதற்குக்கூடப் பணமில்லாத காலத்தின் எச்சமே.

திரும்பப் படைக்கப்பட்ட இடைக்காலம்

19ஆம் நூற்றாண்டில் தொழிற்புரட்சியின் நகரங்களால் சலிப்புற்ற வட ஐரோப்பியப் பயணிகளும் ஓவியர்களும் இத்தாலியின் மலையூர்களைத் தேடி வந்தபோது, சான் ஜிமிஞானோவின் வறுமை அவர்கள் கண்ணுக்குத் தூய்மையாகத் தோன்றியது. ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1905இல் வெளியிட்ட தம் முதல் நாவலில் வரும் மொந்தெரியானோ என்னும் கற்பனை ஊருக்கு இதனையே முன்மாதிரியாகக் கொண்டார். இலக்கியம் வாயிலாக ஊரை அறிந்தவர்கள் தாம் படித்ததைக் காண வந்தனர். ஊரும் மெல்லமெல்ல அவர்கள் காண விரும்பியதாக மாறத் தொடங்கியது.

இந்த மாற்றம் மிகவும் தெளிவாக நிகழ்ந்தது முசோலினியின் ஃபாசிச ஆட்சிக்காலத்தில். 1929இல் ஊர் முழுவதும் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் கட்டடங்களின் சாந்துப் பூச்சு அகற்றப்பட்டுக் கற்கள் வெளிப்படுத்தப்பட்டன. பிற்காலத்து மாற்றங்கள் நீக்கப்பட்டு, இடைக்கால வடிவங்கள் என்று கருதப்பட்டவை மீட்டமைக்கப்பட்டன. கட்டடக்கலை வரலாற்றாய்வாளர் மெதினா லசான்ஸ்கி, ஃபாசிச இத்தாலியின் கட்டடக்கலையும் சுற்றுலாவும் குறித்து 2004இல் வெளியிட்ட நூலில், இத்தகைய மீட்டமைப்புகள் அந்த ஆட்சியின் அரசியல் நோக்கங்களோடும் வளர்ந்துவந்த சுற்றுலாத் தொழிலோடும் பின்னிப் பிணைந்திருந்ததை விரிவாகக் காட்டியுள்ளார். வண்ணச் சாந்து பூசிய முகப்புகள் இடைக்காலத்திலும் இருந்தன. எங்கும் கல்லே தெரியும் இன்றைய தோற்றம், இடைக்காலம் எப்படி இருந்திருக்கவேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டு எண்ணியதன் வெளிப்பாடும் ஆகும்.

இதனால் ஊர் போலியானது என்று முடிவுகட்டுவது பொருந்தாது. சுவரும் கோபுரமும் ஓவியமும் பழையவையே. ஆனால் எந்தக் காலத்தை வெளிக்காட்டுவது, எதை அழிப்பது என்ற தேர்வு புதியது. 1990இல் யுனெஸ்கோ இவ்வூரின் வரலாற்று நடுப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, பல நூற்றாண்டுகளின் கைபட்ட இந்தத் தொகுப்பே ஒரு முழுமையாக ஏற்கப்பட்டது. காட்சி ஊடகங்கள் இத்தேர்வை மேலும் பரப்பின. 1999இல் ஃபிராங்கோ செஃபிரெல்லி இயக்கிய திரைப்படமும், 2009இல் வெளிவந்த புகழ்பெற்ற கணினி விளையாட்டு ஒன்றும் இக்கோபுரங்களைத் தம் களமாக்கியதால், நாவலைப் படித்திராத ஒரு தலைமுறையும் இவ்வூரை முன்கூட்டியே பார்த்தறிந்த ஒன்றாக வந்தடைகிறது.

பயணியும் குடிமகனும்

இன்று இவ்வூருக்குச் செல்வது எளிதுமன்று, கடினமுமன்று. தொடர்வண்டி நிலையம் இங்கில்லை. ஃபுளோரன்ஸ் அல்லது சியனாவிலிருந்து பொஜ்ஜிபோன்சி நிலையம்வரை வந்து, அங்கிருந்து பேருந்தில் குன்றேறவேண்டும். சொந்த வண்டியில் வருவோர் மதிலுக்கு வெளியிலுள்ள கட்டண நிறுத்துமிடங்களில் அதனை விட்டுவிட்டு நடந்தே உள்ளே செல்லவேண்டும். மதிலுக்குள் இருப்பது போக்குவரத்து வரையறைப் பகுதி. உரிமம் பெற்ற உள்ளூரார் வண்டிகளே அங்கு நுழையலாம். இத்தாலியின் பழைய நகரங்கள் பெரும்பாலானவற்றில் இந்த விதி உண்டு. கேமராக்கள் வண்டியெண்ணைப் பதிவுசெய்வதால், அறியாமல் நுழையும் வெளிநாட்டுப் பயணிக்கும் அபராதச் சீட்டு பின்னர் வீடுதேடி வரும்.

பெரும்பாலான பயணிகள் ஒருநாள் பயணிகளே. முற்பகலில் வந்து, சான் ஜொவானி தெருவின் கடைகளைக் கடந்து, கிணற்றருகே படமெடுத்து, ஐஸ்கிரீம் உண்டு, பிற்பகலில் சியனாவுக்கோ ஃபுளோரன்ஸுக்கோ திரும்புகின்றனர். இடைக்காலத் திருப்பயணி இங்கு ஓர் இரவேனும் தங்கி, உணவும் படுக்கையும் மருந்தும் பெற்று, வணிகச் செய்திகளையும் கொண்டுவந்து சேர்த்தான். ஒருநாள் பயணி கூட்டத்தைக் கூட்டுகிறானேயன்றி ஊரின் வாழ்வில் பங்குகொள்வதில்லை. 2011இல் இத்தாலிய அரசு நகராட்சிகளுக்கு அனுமதித்த தங்கல் வரி, இரவு தங்குவோரிடம் மட்டுமே வாங்கப்படுகிறது. ஊருக்கு மிகுதியாகப் பயன்படுவோர் வரி கட்ட, மிகுதியாக நெருக்குவோர் கட்டாமல் போகும் முரண் இதில் உண்டு. இம்முரணைத் தீர்க்கவே சீவிதா தி பாஞ்ஞொரேஜோ என்னும் மற்றொரு மலையூர் 2013 முதலும், வெனிஸ் நகரம் குறிப்பிட்ட நாள்களுக்கு 2024 முதலும் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கின.

குடியிருப்போரின் நிலை மேலும் சிக்கலானது. நெடுங்காலம் இப்பகுதியின் வேளாண்மை மெத்சத்ரியா எனப்படும் வாரமுறையில் நடந்தது. நிலவுடைமையாளரும் உழுகுடியும் விளைச்சலைச் சரிபாதியாகப் பகிர்வது அதன் அடிப்படை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் உழுகுடிகள் தொழிற்சாலைகளை நாடிச் செல்ல, 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. கைவிடப்பட்ட பண்ணைவீடுகள் பின்னர் பயணியர் விடுதிகளாயின. 1985ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் சுற்றுலாவை முறைப்படுத்தியது. பழைய விளைபொருள்களும் புத்துயிர் பெற்றன. இத்தாலியில் பிறப்பிடப் பெயருரிமை முதலில் பெற்ற மதுவாக 1966இல் வெர்னாச்சா அறிவிக்கப்பட்டது. குங்குமப்பூவுக்கு 2005இல் ஐரோப்பியப் பாதுகாப்பு கிடைத்தது. நிலம் இவ்வாறு பயன்பெற்றாலும், மதிலுக்குள் நிலைமை வேறு. வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிடப் பயணிக்கு நாள்கணக்கில் விடுவது இலாபமானது. காய்கறிக் கடையைவிட நினைவுப்பொருள் கடை இலாபமானது. வீடும் கடையும் விலகும்போது குடிமக்களும் மதிலுக்கு வெளியே குடிபெயர்கின்றனர்.

இங்குதான் 1255இன் கேள்வி மறுபடி எழுகிறது. தனியாரின் இலாபம் பொது வெளியை விழுங்காமல் காக்க மன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? 1998இல் இத்தாலிய அரசு சில்லறை வணிகத்தைத் தாராளமாக்கியபோது, எந்தத் தெருவில் எவ்வகைக் கடை வரலாம் என்று வரையறுக்கும் நகராட்சிகளின் உரிமை சுருங்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் வரலாற்று மதிப்புள்ள பகுதிகளில் சில வகைக் கடைகளைத் தடுக்கும் வாய்ப்பை ஓரளவு திருப்பித் தந்தது. கட்டடத்தைத் தொடுவதற்குத் தொல்பொருள் அதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி கல்லைக் காக்கிறது. ஆனால் கல்லுக்கும் பாதுகாப்பு முடிந்த முடிபன்று. பக்கத்து வொல்தெர்ராவில் 2014இலும் இங்கு 2018இலும் இடைக்கால மதிலின் பகுதிகள் சரிந்தது, குன்றின்மேல் கட்டப்பட்டவை யாவும் இடையறாத பராமரிப்பைக் கேட்பவை என்பதை நினைவூட்டியது. பராமரிப்புக்கு வேண்டிய பணம் பயணியிடமிருந்தே வருகிறது என்பதால், அவனை விலக்குவதும் தீர்வாகாது.

பார்வையாளரின் பொறுப்பு

ஊர் வெறும் காட்சிப்பொருளாக உறைந்துவிடாமல் இருக்க முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1990இல் நண்பர்கள் மூவர் தொடங்கிய கலேரியா கொந்தினுவா என்னும் தற்காலக் கலைக்கூடம், பழைய திரையரங்கு ஒன்றைக் காட்சியிடமாக மாற்றி, பின்னர் பெய்ஜிங், ஹவானா போன்ற தொலைநகரங்களிலும் கிளைபரப்பியது. 1994இல் ஐரோப்பிய மன்றம் வியா ஃபிராஞ்சிஜெனாவைப் பண்பாட்டுப் பாதையாக ஏற்றபின், கால்நடையாக ரோமுக்குச் செல்வோர் மீண்டும் இவ்வூரில் இரவுதங்கத் தொடங்கியுள்ளனர். எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மையரே. ஆயினும் ஊரின் பழைய பொருளாதாரத்துக்கு மிக நெருங்கியவர்கள் அவர்களே.

பயணி தன்னளவில் செய்யக்கூடியவையும் இதிலிருந்து தெளிவாகின்றன. கோபுரங்களை எண்ணிவிட்டுத் திரும்புவதைவிட, ஊராட்சி மாளிகையின் அவைக்கும் கொலெஜியாத்தாவின் சுவர்களுக்கும் ஊரின் வடமுனையிலுள்ள அகுஸ்தீனார் ஆலயத்துக்கும் நேரம் ஒதுக்குவது, அக்கோபுரங்களைக் கட்டுக்குள் வைத்த சமூகத்தை அறிய உதவும். ஓர் இரவு தங்குவது வரியாகவும் வாடகையாகவும் ஊரைச் சேரும். கூட்டம் கலைந்த மாலையிலும் அதிகாலையிலும் தெருக்களின் அளவும் சரிவும் வளைவும் புலப்படும். குங்குமப்பூவையும் வெர்னாச்சாவையும் விளைவிப்போரிடமே வாங்குவது, மதிலைச் சூழ்ந்த நிலம் விளைநிலமாகவே நீடிக்கத் துணைசெய்யும்.

ஆனால் தனிமனிதரின் நற்குணத்தால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பதை இவ்வூரின் வரலாறே கற்பிக்கிறது. அர்திங்கெல்லியரும் சல்வுச்சியரும் தாமாகவே அடங்கியிருப்பார்கள் என்று 13ஆம் நூற்றாண்டு மன்றம் எதிர்பார்க்கவில்லை. ரொன்யோசா கோபுரத்தைச் சுட்டிக்காட்டி இதற்குமேல் கூடாது என்று சொல்லும் துணிவும், அதைச் செயற்படுத்தும் அதிகாரமும் அதற்கு இருந்தன. எத்தனை வண்டிகள், எத்தனை விடுதிகள், எத்தகைய கடைகள் என்பதற்கு அதையொத்த அளவுகோலை வகுக்கும் உரிமை இன்றைய நகராட்சிக்கு ரோமிலிருந்தும் மண்டலத் தலைமையிடமிருந்தும் முழுமையாகக் கிடைக்கவில்லை. கோபுரங்களைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அவற்றினடியில் வாழ்வோரைக் காக்கும் சட்டம் இன்னும் முழு வடிவம் பெறவில்லை. அந்தச் சட்டம் எவ்வாறு அமையும் என்பதைப் பொறுத்தே, வருங்காலப் பயணி சான் ஜிமிஞானோவில் ஓர் ஊரைக் காண்பாரா, ஊரின் உருவத்தை மட்டும் காண்பாரா என்பது முடிவாகும்.